சிண்டிகேட் கூட்டத்தில் யார் கேள்வி கேட்கிறார்கள்?

கொள்ளிடக்கரை எழுதியது:

துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்று இந்தத் தளத்தில் 2022 முதல் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றும் மசோதா அந்த ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை, நவம்பரில் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு அரசியல் சாசன அமர்வு சொன்ன கருத்து என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இழை ஓடியது. எல்லாவற்றையும் படித்தேன். எனக்கும் அதில் அக்கறை உண்டு.

ஆனால் இத்தனை பக்கங்களில் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட் பற்றி ஒருவரும் பேசவில்லை. பல்கலைக்கழகத்தின் சொத்து, பணம், பணி நியமனம் எல்லாம் சட்டப்படி சிண்டிகேட்டின் பொறுப்பு. துணைவேந்தர் அதன் தலைவர், அவ்வளவுதான். நல்ல துணைவேந்தர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். அவர் தவறும்போது தடுக்க வேண்டிய குழு என்ன நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

நான் இணைவுக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் செனட்டில், அதாவது ஆண்டுக் கணக்கு கடைசியாக வரும் பெரிய அவையில், ஆசிரியர் தொகுதியிலிருந்து தேர்வாகி மூன்று வருடம் இருந்தேன். ஆண்டுக் கணக்கு எங்கள் கைக்கு வந்தது கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை. தலையணை அளவு புத்தகம். இரவு முழுக்க உட்கார்ந்து பார்த்ததில், வைப்புநிதி முந்தைய வருடத்தைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. மறுநாள் எழுந்து காரணம் கேட்டேன். "அடுத்த கூட்டத்தில் விளக்கம் தரப்படும்" என்றார்கள். அடுத்த கூட்டத்துக்கு வந்த கூட்டக் குறிப்பில் நான் கேட்ட கேள்வியே இல்லை. "கணக்குகள் ஏற்கப்பட்டன" என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அன்று நான் இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

உங்களுக்குத் தெரிந்த சிண்டிகேட்டோ செனட்டோ சரியாக வேலை செய்திருக்கிறதா? சரியாக வேலை செய்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

---

ஓய்வூதியர் மகள் எழுதியது:

சார், என் அப்பா ஒரு பல்கலைக்கழகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். இப்போது 78 வயது. மூன்று மாதம் ஓய்வூதியம் வரவில்லை. மருந்துக் கடையில் கணக்கு வைத்து வாங்கினோம். அலுவலகத்தில் போய்க் கேட்டால் "நிதி இல்லை, சிண்டிகேட்டில் வைத்திருக்கிறோம்" என்றார்கள். சிண்டிகேட் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான். அப்பா 34 வருடம் வேலை பார்த்த இடம். ஓய்வூதியத்துக்கென்று வைத்த பணம் எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை.

---

பழைய மாணவன் எழுதியது:

கொள்ளிடக்கரை சார், உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் வரிசை தப்பாக இருக்கிறது என்று நினைக்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022இலேயே முடிந்துவிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்ட். வருடக்கணக்கில் நாற்காலி காலியாகக் கிடக்கும்போது, கமிட்டி எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து என்ன பயன்? முதலில் தலைவரைப் போடட்டும். யார் போடுவது என்று முடிவாகாதவரை மற்றதெல்லாம் அப்புறம்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 2024இல் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் ஊழியர்கள் போராட வேண்டி வந்ததே. முழுப் பொறுப்போடு ஒருவர் உட்கார்ந்தால்தான் இதெல்லாம் தீரும்.

---

நிதிப்பிரிவு எழுதியது:

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய மாணவன் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். நாற்காலி காலியாவதற்கு முன்பே பணம் கரைய ஆரம்பித்துவிட்டது.

செய்தியில் வந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 37 வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. கேட்ட தொகை 424 கோடி ரூபாய். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு வரி ஏது என்று பலர் கேட்டார்கள். விதி இதுதான்: அரசின் நிதியில் பெருமளவு நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு வரிவிலக்கு உண்டு. "பெருமளவு" என்றால் மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருக்க வேண்டும். மானியம் பாதிக்குக் கீழே இறங்கினால் அந்த வழியில் விலக்கு கிடைக்காது. வேறு பிரிவில் பதிவு செய்து, உரிய காலத்தில் விண்ணப்பித்து விலக்கு வாங்க வேண்டும்.

இப்போது யோசியுங்கள். மானியத்தின் பங்கு குறைவது ஒரே நாளில் நடப்பதில்லை. ஒவ்வொரு வருடமும் வரவுசெலவுத் திட்டம் நிதிக்குழுவுக்குப் போகிறது, அங்கிருந்து சிண்டிகேட்டுக்கு, பிறகு செனட்டுக்கு. மூன்று இடத்திலும் ஒரே காகிதம். "இந்த வருடம் அரசு மானியம் பாதிக்குக் கீழே போகிறது, வரி வரும், என்ன செய்யலாம்?" என்று ஒரே ஒரு உறுப்பினர் கேட்டிருந்தால் போதும். நான் இருந்த இடத்தில் அந்த மாதிரிக் கேள்வி வந்து நான் பார்த்ததே இல்லை.

மானியம் ஏன் குறைகிறது? அதற்கும் காரணம் உள்ளேதான் இருக்கிறது. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை வருடா வருடம் வந்து கணக்குப் பார்த்துத் தணிக்கைத் தடை, அதாவது இந்தச் செலவு விதிப்படி இல்லை என்ற ஆட்சேபம், எழுதிவிட்டுப் போகும். அரசு அனுமதி இல்லாமல் உருவாக்கிய பணியிடம், விதியில் இல்லாத ஊதிய உயர்வு, வசூலிக்காமல் விட்ட முன்பணம் என்று வரும். தடையைத் தீர்க்காவிட்டால் மானியத்தில் அந்தத் தொகையை அரசு ஏற்காது. தடைகள் பத்து வருடம், பதினைந்து வருடம் என்று தேங்கிக் கிடக்கும். அப்போதெல்லாம் தொலைநிலைக் கல்வியில் வருமானம் கொட்டியதால் யாரும் கவலைப்படவில்லை. வெளிமாநிலத்தில் படிப்பு மையம் நடத்தக்கூடாது என்று யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கட்டுப்பாடு கொண்டுவந்ததும் அந்த ஊற்று வற்றியது. பழைய தடைகள் எல்லாம் அப்போதுதான் தலைக்கு மேல் வந்து நின்றன.

இதில் துணைவேந்தர்கள் நாலைந்து பேர் மாறியிருப்பார்கள். எல்லாரும் முறைப்படி நியமிக்கப்பட்டவர்கள்தான்.

---

சட்டப்புத்தகம் எழுதியது:

நிதிப்பிரிவு ஐயா சொன்னதற்குச் சட்டப் பக்கத்திலிருந்து ஒரு துணைக்குறிப்பு. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கினாலும் இப்போது அதை நடத்துவது 1923ஆம் வருடச் சட்டம். மற்ற பல்கலைக்கழகச் சட்டங்கள் பெரும்பாலும் அதே வார்ப்பில் வந்தவை. சிண்டிகேட்டில் உயர்கல்விச் செயலர், சட்டச் செயலர், கல்லூரிக் கல்வி இயக்குநர் ஆகியோர் பதவி வழியாக உறுப்பினர்கள். மற்றவர்கள் தேர்வாகி வருகிறார்கள் அல்லது நியமனத்தில் வருகிறார்கள்.

துணைவேந்தர் இல்லாதபோது ஒருங்கிணைப்புக் குழு அமைக்கிறார்கள். உயர்கல்விச் செயலர் அதற்குத் தலைமை தாங்குகிறார், சிண்டிகேட் கூட்டத்தையும் அவரே நடத்துகிறார். எனக்கு உறுத்துவது இதுதான். மானியம் கேட்க வேண்டியது பல்கலைக்கழகம், கொடுக்க வேண்டியது அவருடைய துறை. கேட்கிறவர் நாற்காலியிலும் கொடுக்கிறவர் நாற்காலியிலும் ஒரே அதிகாரி உட்கார்ந்தால், "எங்கள் மானியத்தை ஏன் குறைத்தீர்கள்?" என்று யாரைப் பார்த்து யார் கேட்பது? அந்த அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தக் கேள்வி போகாது. அதுவும் ஒரே சமயத்தில் பல பல்கலைக்கழகங்களுக்கு அவரே பொறுப்பு.

ஆகவே நியமனச் சண்டை முக்கியமில்லை என்று சொல்லமாட்டேன். பழைய மாணவன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

---

கௌரவ விரிவுரையாளன் எழுதியது:

வெளியில் நிற்கிறவன் பார்வையில் சிண்டிகேட் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

பல்கலைக்கழகத் துறை ஒன்றில் தொகுப்பூதியத்தில் ஒன்பது வருடமாகப் பாடம் எடுக்கிறேன். முனைவர் பட்டம் உண்டு, நெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் உண்டு. ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிதாக ஆணை வாங்க வேண்டும். கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று 2019இல் யூஜிசி சொன்னது. எங்களுக்குக் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. ஊதியத்தை உயர்த்தும் கோப்பு "சிண்டிகேட்டில் நிலுவை" என்ற பதிலோடு நாலு வருடமாக நிற்கிறது.

கூட்டம் நடக்கும் நாள் எங்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும். காலை பத்தரைக்கே நிர்வாகக் கட்டடத்தின் போர்ட்டிகோ பக்கம் மனுவோடு நிற்போம். கார்கள் வரும். சிலர் கண்ணாடியை இறக்கி மனுவை வாங்கிக்கொள்வார்கள். ஒரு பேராசிரியர் மட்டும் காரை நிறுத்தி இறங்கி, முழுவதும் படித்துவிட்டு, "அஜெண்டாவில் உங்கள் விஷயம் இல்லையே தம்பி" என்றார். அதற்கு முன் எங்களிடம் அந்தத் தகவலைச் சொன்னவரே கிடையாது. அஜெண்டாவில் இல்லாத ஒன்றுக்காக நாலு வருடமாக வெயிலில் நின்றிருக்கிறோம். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

---

எடின்பரோ எழுதியது:

நான் ஸ்காட்லாந்தில் இருக்கிறேன், பல்கலைக்கழக வேலையில் இல்லை. ஆனாலும் இங்கே 2025 முழுக்க டண்டீ பல்கலைக்கழகம் பற்றித்தான் பேச்சு. இந்த இழையைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் மூன்றரைக் கோடி பவுண்டு பற்றாக்குறை என்று தெரியவந்தது. பல்கலைக்கழக முதல்வர் (நம் ஊர்த் துணைவேந்தர் மாதிரி) 2024 டிசம்பரில் விலகினார். 632 பணியிடங்களைக் குறைக்கப் போவதாக அடுத்த மார்ச்சில் அறிவித்தார்கள். டண்டீ பெரிய ஊர் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் 600 வேலை போனால் ஊரே ஆட்டம் காணும். வெளிநாட்டு முதுகலை மாணவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள் என்று நம்பிச் செலவு செய்திருந்தார்கள். நைஜீரியாவின் நாணயம் சரிந்ததும் அங்கிருந்து வருவோர் எண்ணிக்கை விழுந்துவிட்டது.

பல்கலைக்கழகங்களுக்கு அரசு நிதியை வழங்கும் ஸ்காட்லாந்து நிதிக் குழு ஒரு தனி விசாரணைக்கு ஏற்பாடு செய்தது. இன்னொரு பல்கலைக்கழகத்தின் முன்னாள் முதல்வர் பமேலா கில்லீஸ் தலைமையில் நடந்த விசாரணை அது. அறிக்கை 2025 ஜூனில் வந்தது. அதைப் படித்துப் பார்த்தால், திருட்டு என்று ஒன்றுமில்லை. தவறான நிதி முடிவுகள், கேள்வி கேட்பவரை விரும்பாத தலைமை, ஆட்சிக்குழுவுக்குச் சரியான நேரத்தில் சரியான கணக்கு போகாதது, போன கணக்கையும் குழு துருவிப் பார்க்காதது, இவைதான். அங்கே ஆட்சிக்குழுவுக்குப் பெயர் "கோர்ட்". அறிக்கை வந்த கையோடு இடைக்கால முதல்வரும் குழுவின் பொறுப்புத் தலைவரும் விலகினார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. ஸ்காட்லாந்தில் 2016ஆம் வருடச் சட்டப்படி ஆட்சிக்குழுத் தலைவரைத் தேர்தல் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊழியர்கள் தேர்ந்தெடுத்த இருவர், தொழிற்சங்கம் அனுப்பும் இருவர், மாணவர் இருவர் குழுவில் கட்டாயம். நம் ஊரில் கேட்கிற சீர்திருத்தம் எல்லாம் அங்கே ஏற்கனவே சட்டமாக இருக்கிறது. அப்படியும் இது நடந்தது. அதனால் யார் உட்காருகிறார்கள் என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். உட்கார்ந்தவர் கைக்கு எந்தக் காகிதம், எத்தனை நாள் முன்பு வருகிறது என்று முதலில் கேட்பேன். கொள்ளிடக்கரை சார் இரவோடு இரவாகக் கணக்குப் பார்த்த கதையைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்திரேலியாவிலும் 2025இல் நாடாளுமன்ற மேலவையின் குழு ஒன்று பல்கலைக்கழக நிர்வாகத்தின் தரம் பற்றியே விசாரணை நடத்தியது. உலகம் முழுக்க இப்போதுதான் இந்தப் பக்கம் வெளிச்சம் விழுகிறது.

---

முன்னாள் உறுப்பினர் எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் ஒரு கல்லூரியின் முதல்வராக இருந்தபோது சிண்டிகேட் உறுப்பினராகவும் இருந்தேன். உறுப்பினர்கள் எல்லாரும் சோற்றுக்கும் டீக்கும் வந்து போனார்கள் என்பது போல வெளியில் பேசுகிறார்கள். உள்ளே இருப்பவன் நிலையையும் கேளுங்கள்.

ஒரு கூட்டத்துக்கு எழுபது, எண்பது பொருள் வரும். மூன்று மணி நேரத்தில் முடிக்க வேண்டும். முன்கூட்டி அனுப்பியது பாதி. மீதி டேபிள் அஜெண்டா, அதாவது போய் உட்கார்ந்த பிறகு மேசையில் வைப்பார்கள். சிண்டிகேட்டின் செயலாளர் பதிவாளர்தான். அஜெண்டா தயாரிப்பது, குறிப்பு எழுதுவது, கூட்டக் குறிப்பு வரைவது எல்லாம் அவர் அலுவலகம். நிர்வாகத்தைக் கேள்வி கேட்க வேண்டிய குழுவுக்குத் தகவல் தருவது அதே நிர்வாகம். உறுப்பினருக்கென்று ஒரு உதவியாளர் கிடையாது, கணக்குப் படிக்கத் தெரிந்த ஒருவர் கிடையாது. நான் விலங்கியல் படித்தவன். இருப்புநிலைக் குறிப்பை எப்படிப் படிப்பது என்று எனக்கு யாரும் ஒரு மணி நேரம்கூடச் சொல்லித் தரவில்லை.

இன்னொன்று. என் கல்லூரி அதே பல்கலைக்கழகத்தின் இணைவில் இருப்பது. புதிய பாடப்பிரிவுக்கு அனுமதி, இணைவு நீட்டிப்பு, தேர்வு மையம் எல்லாம் அவர்கள் கையில். ஒரு கட்டட ஒப்பந்தத்தில் மறுப்புக் குறிப்பு எழுதினேன். அடுத்த மாதமே என் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது. என் கல்லூரிச் செயலர் என்னைக் கூப்பிட்டு, "ஐயா, நமக்கு எதற்கு இது?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு நான் மறுப்புக் குறிப்பு எழுதவில்லை. என் மனதில் அது இன்னும் கிடக்கிறது.

---

நிதிப்பிரிவு எழுதியது:

முன்னாள் உறுப்பினர் ஐயா, இதை எழுதியதற்கு உங்களுக்கு நன்றி. நீங்கள் சொன்ன டேபிள் அஜெண்டா பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத் தயாரித்த மேசையில் நான் இருந்திருக்கிறேன்.

எங்கள் பிரிவில் பொருள்களை மூன்றாகப் பார்ப்போம். ஒன்று, முறையாக நிதிக்குழு வழியாக வருவது. இரண்டு, பின்னேற்பு. அவசரம் என்றால் துணைவேந்தர் தாமே முடிவெடுத்துவிட்டுப் பிறகு சிண்டிகேட்டுக்கு அறிவிக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. வெள்ளத்தில் விடுதி மூழ்கினால் கூட்டம் கூட்டிக்கொண்டிருக்க முடியாது, அதற்காக வைத்த வழி. நாளாக நாளாகக் கணினி வாங்குவது, கருத்தரங்கக் கூடத்துக்குக் குளிர்சாதனம் போடுவது என்று எல்லாம் அவசரமாகிவிட்டது. பணம் கொடுத்து முடித்த பிறகு "பின்னேற்பு வழங்கப்பட்டது" என்று தீர்மானம். பொருள் ஏற்கனவே வந்து இறங்கிவிட்டது, வேண்டாம் என்று சொல்லி என்ன செய்வது என்று உறுப்பினர்களும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மூன்றாவது, டேபிள் அஜெண்டா. சங்கடமான பொருள்கள் இதில்தான் வரும். நானே இரவு ஒன்பது மணிக்கு ஜெராக்ஸ் எடுத்து உறையில் போட்டு அடுக்கியிருக்கிறேன். மேலதிகாரிகள் சொன்னதைச் செய்தேன். செய்யாமல் இருந்திருக்கலாமா என்று இப்போது நினைக்கிறேன், ஆனால் அன்று அது வழக்கமான வேலையாகத்தான் தெரிந்தது.

அதனால் எனக்கு ஒரு சிண்டிகேட்டை எடைபோட ஒரு வழி தெரியும். ஒரு வருடத்தின் தீர்மானங்களை எடுத்துக்கொண்டு அதில் எத்தனை பின்னேற்பு, எத்தனை டேபிள் அஜெண்டா என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் போனால் அந்தக் குழு முடிவெடுக்கவில்லை, முடிவுக்கு முத்திரை குத்துகிறது.

---

யாழ் வாசகி எழுதியது:

எங்கட பக்க அனுபவத்தையும் சொல்லலாம் என்று நினைக்கிறன். இலங்கையில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்துக்குக் கீழதான். நீங்கள் சிண்டிகேட் என்று சொல்வதை நாங்கள் பேரவை என்கிறோம், கல்வி விடயங்களுக்கு மூதவை. பேரவையில் துணைவேந்தர், பீடாதிபதிகள், மூதவை அனுப்பும் இருவர் இருப்பினம். அவர்களை விட ஒருவர் கூடுதலாக வெளிவாரி உறுப்பினர்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும். உள்ளுக்குள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள்ளே முடிவெடுக்கக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். நல்ல ஏற்பாடு. ஆனால் ஆணைக்குழு அரசாங்கத்தோடு மாறும், வெளிவாரி உறுப்பினர்களும் அதோட மாறுவினம். ஊர்ப் பெரியவர் என்று வருகிறவர், பல்கலைக்கழகச் சட்டத்தை ஒருக்கால் தன்னும் வாசித்தவரா என்று பார்ப்பதில்லை.

துணைவேந்தர் பதவிக்குப் பேரவை மூன்று பெயர்களைத் தெரிவு செய்து அனுப்ப, ஜனாதிபதி ஒருவரை நியமிப்பார். 2019இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரை ஜனாதிபதி பதவி நீக்கினார், பிறகு துணைவேந்தரின் வேலையைப் பார்க்கத் 'தகுதிவாய்ந்த அதிகாரி' என்று ஒருவரைப் போட்டார்கள். நீக்கப்பட்டவர் பேரவையே தெரிவு செய்து அனுப்பிய ஒருவர். அந்த நேரம் கம்பஸ் வாசலில் எல்லாரும் கொழும்பைப் பற்றித்தான் கதைத்தம். பேரவை என்ன சொல்கிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்ப யோசிச்சால் அதுதான் கவலையாகக் கிடக்கு.

ஒரு நல்ல விடயம் இருக்கு. அரச நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் நாடாளுமன்றத்தின் கோப் குழு பல்கலைக்கழக நிர்வாகிகளை அழைத்து, கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையை முன்னுக்கு வைத்துக் கேள்வி கேட்கும். அது பத்திரிகையிலும் வரும். பேரவைக் கூட்டத்தில் ஒருவரும் கேட்காத கேள்வியை அங்க கேட்டு நாங்கள் வாசித்திருக்கிறம்.

---

சிதம்பரத்துக்காரன் எழுதியது:

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகம், நிறுவனர் குடும்பத்துக்கு இணைவேந்தர் உரிமை இருந்தது. 2012 கடைசியில் நிதி நெருக்கடி, சம்பளக் குறைப்பு என்று அறிவிப்பு வந்ததும் போராட்டம் வெடித்தது. 2013 ஏப்ரலில் அரசு ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரியை நிர்வாகியாகப் போட்டது. அதே வருடம் புதுச் சட்டம் கொண்டுவந்து அரசே எடுத்துக்கொண்டது. தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருப்பதாகக் கணக்கெடுத்து, மற்ற ஊர்க் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பணி நிரவலில் அனுப்பினார்கள். எங்கள் தெருவிலேயே மூன்று குடும்பம் வேறு மாவட்டத்துக்குப் போயிற்று. ஒருவர் வாரம் ஒருமுறை ரயிலில் வந்து போனார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை மாற்ற மனமில்லாமல்.

அத்தனை நியமனமும் ஏதோ ஒரு கூட்டத்தில் ஒப்புதலாகித்தானே வந்திருக்கும்? நிர்வாகத்தின் மேல் கோபப்பட்டோம், அரசின் மேல் கோபப்பட்டோம். சிண்டிகேட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று இன்றுவரை எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.

---

பழைய மாணவன் எழுதியது:

நான் முதலில் எழுதியதிலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறேன். முழுவதும் இல்லை. துணைவேந்தர் இல்லாமல் நாட்கள் போவது பெரிய கேடு என்பதில் மாற்றமில்லை. ஆனால் துணைவேந்தர் இருந்த வருடங்களிலேயே இவ்வளவு நடந்திருக்கிறது என்றால், நாளை ஒருவர் வந்து உட்கார்ந்தாலும் அதே அஜெண்டா, அதே பின்னேற்புதானே?

ஒரு சந்தேகம். கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் நிர்வாகத்துக்கென்றே ஆறாவது அளவுகோல் இருக்கிறது. அதில் இதெல்லாம் பிடிபடாதா?

---

கொள்ளிடக்கரை எழுதியது:

தம்பி, நாக் குழு வரும்போது எங்கள் கல்லூரியில் நானும் அந்த ஆறாவது அளவுகோலுக்குக் கோப்பு தயாரித்திருக்கிறேன். கூட்டம் நடந்ததா, குறிப்பு இருக்கிறதா, வரைபடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் காகிதம் இருக்கும். உறுப்பினர் கேள்வி கேட்டாரா, கேட்டதற்குப் பதில் வந்ததா என்று அந்தக் காகிதத்தில் தெரியாது. நான் கேட்ட கேள்விதான் குறிப்பிலேயே ஏறவில்லையே.

---

சட்டப்புத்தகம் எழுதியது:

சரி, செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(ஆ). பொது அமைப்பு ஒவ்வொன்றும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டிய விவரங்கள் அதில் இருக்கின்றன. எட்டாவது இனத்தைப் படியுங்கள்: தன்னிடம் உள்ள குழுக்கள், மன்றங்கள் எவை, அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, கூட்டக் குறிப்புகள் பொதுமக்கள் பார்க்கக் கிடைக்குமா என்று பல்கலைக்கழகம் தானே எழுதி வைக்க வேண்டும். சிண்டிகேட் அதில் வராமல் எது வரும்? உங்கள் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைத் திறந்து அந்த இனத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காலியாக இருந்தால் அதையே குறிப்பிட்டு மனுப் போடலாம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். வரவில்லை என்றால் மேல்முறையீடு.

மனுவில் "ஏன்" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் தரவேண்டியதில்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தின் நகலை மட்டும் கேளுங்கள்.

---

எடின்பரோ எழுதியது:

மூன்று வருடத்துக்குக் கேளுங்கள், ஒரு வருடம் போதாது. வருகைப் பதிவேட்டின் நகலைக் கட்டாயம் கேளுங்கள். பதவி வழி உறுப்பினர்கள் தாங்களே வந்தார்களா, பிரதிநிதியை அனுப்பினார்களா என்று அதில் தெரிந்துவிடும். அஜெண்டா அனுப்பிய கடிதத்தின் தேதியும் வேண்டும். கூட்டத் தேதியையும் அதையும் பக்கத்தில் வைத்தாலே பாதிக் கதை தெரியும்.

---

நிதிப்பிரிவு எழுதியது:

நிலுவையில் உள்ள தணிக்கைத் தடைகளின் எண்ணிக்கையையும் தொகையையும் வருடவாரியாகக் கேளுங்கள். அந்தப் பட்டியல் நிதி அலுவலரிடம் எப்போதும் தயாராக இருக்கும், இல்லை என்று சொல்ல முடியாது. பின்னேற்புக்கு வைத்த பொருள்களின் பட்டியல் தனியாக. மனுவை யாராவது எழுதி இங்கே போட்டால் அலுவலகச் சொற்களை நான் சரிபார்த்துத் தருகிறேன். சொல் தப்பாக இருந்தால் "அப்படி ஒரு ஆவணம் இல்லை" என்று பதில் வந்துவிடும்.

---

கௌரவ விரிவுரையாளன் எழுதியது:

எங்கள் ஊதியக் கோப்பு எந்தெந்தக் கூட்டத்தின் அஜெண்டாவில் இருந்தது என்றும் சேர்க்க வேண்டும். ஆனால் என் பெயரில் மனுப் போட முடியாது. அடுத்த செமஸ்டர் ஆணை இன்னும் வரவில்லை.

---

முன்னாள் உறுப்பினர் எழுதியது:

தம்பி, என் பெயரில் போடுகிறேன். எனக்கு இனிமேல் யாரும் ஆய்வுக்குழு அனுப்ப முடியாது. உங்கள் கோப்பு எண்ணை மட்டும் தனிமடலில் அனுப்புங்கள்.

---

ஓய்வூதியர் மகள் எழுதியது:

நேற்று இரவு இந்த இழை முழுவதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பின்னேற்பு பற்றிய பகுதியை இரண்டாவது முறை படிக்கச் சொன்னார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே மனுவை எழுத உட்கார்ந்துவிட்டார். 34 வருடம் அலுவலகக் குறிப்பு எழுதிய கை, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. நீங்கள் எல்லாரும் சொன்னதோடு அவர் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்: ஓய்வூதிய நிதிக் கணக்கிலிருந்து வேறு செலவுக்குப் பணம் மாற்றிய தீர்மானம் ஏதும் இருந்தால் அதன் நகல், தேதியோடு.

நிதிப்பிரிவு ஐயா, வரைவைப் படம் எடுத்துத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். இன்று சாயங்காலத்துக்குள் பார்த்துச் சொன்னால் நாளைக் காலை பதிவுத் தபாலில் சேர்த்துவிடுவேன். ஒப்புகை அட்டை வந்ததும் இங்கே போடுகிறேன்.